நாலாவது மூலை

மணி எட்டு இருக்கும். முதலமடைத் தார் ரோட்டிலிருந்து பிரிந்து கால்வாய்க்குப் போகிற இட்டேரி... உங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. இரண்டு பக்கமும் ஆள் உயரக் கிளுவை வேலி. நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்கு மண் தடம். பகலிலேயே அங்கே வெயில் சரியாக விழாது. அந்த நேரத்தில் அதற்குள் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. வெள்ளைக் கார். பார்வைக்குப் புதுசு. விளக்கு எரியவில்லை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மாங்காய்ப் பெட்டி ஏற்றுகிற லாரி வர இன்னும் நேரமாகுமாம். பூச்சி விழுகிறதென்று விளக்கையும் அணைத்தாயிற்று. ஆனந்தி, நீ அந்த வைக்கோலைக் கிளறிக்கொண்டே இருக்காதே. அந்தச் சரசரப்பு எனக்கு ஆகாது. ஏன் ஆகாது என்று போகப் போகத் தெரியும்.

இது எனக்கு நடந்ததில்லை. எனக்கு நடந்திருந்தால் இந்த ஷெட்டில் இருட்டில் உட்கார்ந்திருப்பேனா? என் நாத்தனார் கமலாத்தாளின் கொழுந்தனுக்கு நடந்தது. பூபதிராஜா என்று பெயர். ஒரே பெயரில் இரண்டு ராஜா. ஆளைப் பார்த்தால் அரை ராஜாகூடத் தேறாது.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கழுத்துப் பட்டன் வரை மாட்டின வெள்ளைச் சட்டை. எந்நேரமும் காதில் போன். தோப்பு அப்பன் வைத்தது. இவன் ஒரு கன்று நட்டதில்லை, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினதில்லை. பேசும்போது மட்டும் மாமரத்தையே இவன்தான் கண்டுபிடித்த மாதிரி பேசுவான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கு அவன் வாயில் பெயரே கிடையாது. 'அவனுக'. அவ்வளவுதான்.

ஊரில் ஒருவர் செத்தால் போக மாட்டான். வாட்ஸப் குரூப்பில் கும்பிடுகிற கை ஒன்றைப் போடுவான். துக்கம் முடிந்தது. ஒரு பாடைக்காவது அவன் தோள் கொடுத்ததை யாரும் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள அது ஒன்றே போதும். பெண்டாட்டி செல்வப்பிரியா அப்படி இல்லை. இவன் கோயமுத்தூர் போகிற நாள் பார்த்து, கூந்தலை முடிந்துகொண்டு எழவு வீட்டுக்கு ஓடி, மாரடித்து அழுதுவிட்டு, இவன் வருவதற்குள் குளித்துத் தலை துவட்டி அடுப்படியில் நிற்பாள். நல்ல பெண். இவனுக்குப் போய் வாய்த்தாள்.

இனி அந்த இட்டேரிக்கு வருகிறேன். அது பொதுவழி. ஊருக்கே சுடுகாட்டுக்குப் போகிற வழி. இரண்டு பக்கமும் அவன் தோப்பு வருகிற இடத்தில் குறுக்கே ஒரு இரும்புக் கேட் போட்டான். பூட்டினான். மேலே ஒரு காமிரா மாட்டினான். செய்தது அயோக்கியத்தனம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கேட்கத்தான் ஒருவனுக்கும் துப்பில்லை. டீக்கடையில் உட்கார்ந்து கையை ஓங்கினார்கள். டீ ஆறுவதற்கு முன் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். மீசை வைத்த ஆண்பிள்ளைகள்...

போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் குப்பண்ணன் இறந்துபோனார். பூபதிராஜாவுக்கு அடுத்த தோட்டம். யார் வண்டி சேற்றில் மாட்டினாலும், யார் கிணற்றில் மோட்டார் இறக்கினாலும், கூப்பிடுவதற்கு முன்னால் வந்து நிற்கிற மனுஷர். தலையில் ஒரு துண்டு, வாயில் ஒரு பீடி. செல்வப்பிரியாவைப் பார்த்தால் வாய் நிறைய 'அம்மிணி' என்பார். அவர் பாடை அந்தக் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. தூறல் வேறு. சாவி கேட்டுப் போன் போட்டார்கள். இவன் வீட்டில் உட்கார்ந்து காமிராவில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். மாம்பூ பிடிக்கிற சமயம், கூட்டம் தோப்புக்குள் நடக்க முடியாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். பாடையைத் திருப்பிக்கொண்டு கால்வாய் ரோடு வழியாகச் சுற்றிப் போனார்கள். தூக்கினவர்களுக்குத் தோள் புண்ணாகிவிட்டது.

அவர் மகன்கூடக் கேட்டை ஒரு உதை உதைக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து வந்த தை மாதம். கொல்லங்கோட்டில் ஒரு கல்யாண வரவேற்பு முடித்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் காரில் திரும்புகிறார்கள். அவள் பட்டுச்சேலையில் இருக்கிறாள். முதலமடை நெருங்கும்போது அவன் போன் 'டிங்' என்றது. கேட் முன்னால் ஆள் நின்றால் காமிரா அப்படிச் சத்தம் கொடுக்குமாம். திறந்து பார்த்தான். கேட்டுக்கு முன்னால் மூன்று பேர். தலைமேல் துண்டு போட்டுக் குனிந்து நிற்கிறார்கள். முகம் தெரியவில்லை.

மாங்காய்த் திருடர்கள் என்று அந்த க்ஷணமே முடிவு கட்டிவிட்டான். திருட வருகிறவன் காமிராவுக்கு நேராக வந்து, தலையைக் குனிந்துகொண்டு, மரியாதையாக நிற்பானா? அதை யோசிக்கிற மூளை அவனுக்கு இல்லை. பட்டுச்சேலை கட்டின பெண்டாட்டியைக் கூட வைத்துக்கொண்டே திருடன் பிடிக்கப் போனான். காரை இட்டேரிக்குள் விட்டான்.

கேட் பூட்டியபடி இருந்தது. ஒருவரும் இல்லை. மாம்பூ வாசம் மட்டும்... அது அதிகமானால் தலை கனக்கும், உங்களுக்கே தெரியும். அதோடு கொஞ்சம் பீடி வாசமும் வந்ததாம். அவளுக்கு வந்தது. அவனுக்குத் தன் சென்ட் வாசம் தவிர வேறு எதுவும் வராது.

திருடன் ஓடுகிற சத்தம் கேட்க வேண்டும் என்று இன்ஜினை அணைத்தான். பெரிய விளக்கை மட்டும் எரியவிட்டான். வேலியைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தான். எவன்டா அது, வெளியே வாடா, அப்பன் ஆத்தாள், பரம்பரை, எல்லாம். வேலி என்ன பதில் சொல்லும்? வாய் வலிக்கிற வரைக்கும் திட்டினான். திட்டி முடிக்கும்போது விளக்கு மஞ்சளாகியிருந்தது. பிறகு சிவப்பாகி அணைந்துவிட்டது.

ஏறி உட்கார்ந்து பட்டனை அமுக்கினான். சாவி போட்டுத் திருப்புகிற வண்டியெல்லாம் அவனுக்குக் கேவலம். டிக்... டிக்... டிக்... இன்னொரு தடவை அமுக்கினான். டிக். அப்புறம் அதுவும் இல்லை.

பாட்டரி. மெக்கானிக் ஜோமோன் முந்தின மாதமே மாற்றச் சொல்லியிருந்தான். அவன் என்னை ஏமாற்றப் பார்க்கிறான் என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் இவன். இப்போது அதே ஜோமோனுக்குப் போன். அவன் சித்தூரில் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான். வருகிறேன், ஆனால் என் வண்டி இட்டேரிக்குள் நுழையாது, எப்படியாவது கால்வாய் ரோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்றான்.

செல்வப்பிரியா காரைவிட்டு இறங்கி நின்று மெதுவாகச் சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் குப்பண்ணன் வீட்டு விளக்கு தெரிகிறது, மகனிடம் டிராக்டர் இருக்கிறது, ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடுவார்கள் என்று.

"அவனுக ஊட்டு வாசல்ல போயி நான் நிக்கோணுமா?" என்றான்.

கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்கள். அப்பன் பாடையைத் திருப்பி அனுப்பினவனுக்கு டிராக்டர் எடுத்துக்கொண்டு வந்து இழுத்துவிட்டு, காப்பி குடிக்கிறீர்களா என்றும் கேட்டிருப்பார்கள். அவர்கள் லட்சணம் அது. இவன்தான் கூப்பிடவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்... சரசரவென்று. காய்ந்த இலைமேல் யாரோ நடக்கிற மாதிரி. ஆனந்தி, வைக்கோலை விடு என்றேன் அல்லவா?

காருக்குப் பின்னாலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைமேல் துண்டு. இருட்டில் அவ்வளவுதான் தெரிந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள், இவன் கத்தின கத்தலைக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு நிம்மதி. அவன் காமிராவில் மூன்று பேரைப் பார்த்ததை மறந்தே போனான். உதவிக்கு வருகிறவனைத்தான் அவன் ஏறிட்டே பார்ப்பதில்லையே. முகத்தைப் பார்த்தால் பிறகு ரோட்டில் கண்டால் சிரிக்க வேண்டியிருக்கும்.

என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. முன்னால் வந்தவர் மட்டும் அடித்தொண்டையில் பேசினார். கேட்டைத் திறந்தால் அந்தப் பக்கம் இறக்கம்தான், கால்வாய் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார். இவன் கார் ஜன்னலை இறக்கப் பார்த்தான், கரண்ட் இல்லாமல் அது இறங்கவில்லை. கதவைக் கொஞ்சம் திறந்து சாவிக்கொத்தைப் பெண்டாட்டி கையில் எறிந்தான். அவள் போய்க் கேட்டைத் திறந்தாள். குப்பண்ணனுக்குத் திறக்காத கேட். கீல் நீளமாக ஒரு சத்தம் போட்டது.

அவர் மறுபடி சொன்னார். "ஒராளு கொறையுதுங்க. நாலு மூலைக்கு நாலு ஆளு வேணும். நீங்க சித்தெ எறங்குனீங்கன்னா ஆகுமுங்க."

அந்த வார்த்தையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

"அவ நிக்கறாளல்ல," என்றான் அவன். "ஏம்புள்ள, நீ போயி ஒரு மூலையப் புடி."

பட்டுச்சேலை. காலில் மெல்லிசுச் செருப்பு. புருஷன் சீட்டில் சாய்ந்துகொண்டு சீட் பெல்ட்டை இழுத்து மாட்டுகிறான். ஆள் தள்ளுகிற காரில் சீட் பெல்ட் போடுகிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? உயிர்மேல் அத்தனை ஆசை. த்தூ.

இன்னொன்றும் உண்டு. அது கியர் தானாகவே விழுகிற கார். நிறுத்தும்போது 'பி' என்ற எழுத்தில் போட்டு வைப்பார்கள், சக்கரம் பூட்டிக்கொள்ளும். பாட்டரி செத்தால் அந்தக் கியர் அதிலிருந்து நகராது. இவன் இழுத்துப் பார்த்தான், நகரவில்லை. அதை அவர்களிடம் சொன்னானா? சொல்லவில்லை. தள்ளுகிறவன் பாடு தள்ளுகிறவனுக்கு என்று விட்டுவிட்டான்.

"எக்கா, சக்கரம் பூட்டிக்கிட்டா பத்துப் பேரு தள்ளுனாலும் உருளாதே," என்கிறாயா ஆனந்தி? சாந்தன்பாறை எஸ்டேட் ஜீப்பைத் தள்ளினவள், உனக்குத் தெரியும்.

உருண்டது என்று நான் சொன்னேனா?

முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒருவர். இடது பின்மூலையில் செல்வப்பிரியா. டிக்கிமேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள். 'ம்' என்று ஒரு சத்தம். கார் கிளம்பிவிட்டது. இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று அவளுக்கே ஆச்சரியம். கல்லும் சரளையுமாகக் கிடக்கிற தடம் அது, மாட்டு வண்டி போனாலே கடகடவென்று கேட்கும். டயர் சத்தம் கேட்கவில்லை. அவள் கால் கொலுசு கேட்டது, அவள் காலடியில் சருகு நொறுங்குவது கேட்டது. மற்ற மூன்று பேர் நடக்கிற சத்தம் இப்போது கேட்கவில்லை. கார் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக ஆடிக்கொண்டே போனது. குண்டும் குழியும், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வெளிச்சம் தாடைக்குக் கீழிருந்து முகத்தில் நீலமாக அடித்தது. பின் கண்ணாடி வழியாக அவளுக்கு அவன் பின்னந்தலையும், முன்னால் இருக்கிற சின்னக் கண்ணாடியில் அந்த முகமும் தெரிந்தன.

கொஞ்ச தூரம் போனதும் அவளுக்கு வலது தோள் வலித்தது. கையால் தள்ளுகிறவளுக்குக் கை வலிக்க வேண்டும். இடுப்பு வலிக்க வேண்டும். தோளில், எலும்புமேல், ஏதோ மூங்கிலை வைத்து அழுத்துகிற மாதிரி வலி. அந்த நேரம் பார்த்து முன்னால் இருந்தவர் சொன்னார்: "தோள் மாத்திக்குங்க."

அவள் ஏன் என்று கேட்காமல் அந்த மூலையிலேயே இடது தோள் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். வலியும் இடது தோளுக்கு மாறியது.

பன்னீர் வாசம் வந்ததாம். மாம்பூ வாசத்தையும் தாண்டி.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆனந்தி மாதிரி வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பாடையை வீட்டிலிருந்து எடுக்கும்போது கால் முன்னால் போகும். பாதி வழியில் ஒரு கல் மேடை இருக்கும். அங்கே இறக்கி, தலையும் கால் பக்கமும் மாறுகிற மாதிரி திருப்பி வைத்து, மறுபடி எடுப்பார்கள். போகிறவனுக்கு வழி குழம்பி, திரும்பி வரத் தெரியக் கூடாதாம். கூட வந்த பெண்கள் அந்தக் கல்லோடு நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் ஆண்கள் மட்டும். எரித்துவிட்டு, கால்வாயில் தலைக்குக் குளித்து, ஈரத்தோடு வீடு திரும்புவார்கள்.

அந்தக் கல் மேடை இந்த இட்டேரியில்தான் இருக்கிறது. கேட் போட்ட பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. முள் மூடிக் கிடக்கும்.

அங்கே வந்ததும் அவர்கள் நின்றார்கள். முள் இல்லை. யாரோ பெருக்கி வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. கார் கீழே இறங்கியது. ஆமாம், இறங்கியது. அதுவரைக்கும் அது தரையில் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவள் முழங்கால் தன்னால் மடங்கி, தானும் குனிந்து, மூலையைப் பதமாக இறக்கினாளாம். அடுத்த நிமிஷம் மூன்று பேரும் கட்டிலைத் திருப்புகிற மாதிரி காரைத் திருப்பினார்கள். முன்பக்கம் வந்த வழியைப் பார்த்தது. பின்பக்கம் கால்வாயைப் பார்த்தது.

உள்ளேயிருந்து அவன் கத்தினான். எதற்கடா திருப்புகிறீர்கள், அறிவு இருக்கிறதா, நேராகப் போக வேண்டியதுதானே என்று.

முன்னால் இருந்தவர் அவளிடம் வந்தார். துண்டுக்குள்ளிருந்து பீடி வாசம்.

"அம்மிணி, நீங்க இதோட நின்னுக்கோங்க. பொம்பளைங்க இதுக்கு மேல வரப்படாது."

'அம்மிணி' என்று ஊரில் நூறு பேர் கூப்பிடுவார்கள். இந்தக் குரலில் ஒருவர்தான் கூப்பிட்டார். அவர் செத்த வீட்டில் அவள் மாரடித்து அழுதிருக்கிறாள்.

ஓடவில்லை அவள். அந்த இடத்தில் நம்மில் எத்தனை பேர் ஓடாமல் இருப்போம்? ஓடினால் காருக்குள் இருக்கிறவன் போய்விடுவான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எப்படிப்பட்டவனாக இருந்தாலும் தாலி கட்டினவன். போய்க் கதவைத் தட்டினாள். அவன் ஒரு சாண் திறந்தான்.

"ஏனுங்க, எறங்குங்க. வந்து என்ற மூலையப் புடிங்க. உங்க கால்ல வேணாலும் உழுகறேன், எறங்கீருங்க."

அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. காலைக் கீழே வைத்து, ஒரு மூலைக்குத் தோள் கொடுத்திருந்தால் போதும். தூக்குகிறவனை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. உள்ளே உட்கார்ந்திருக்கிறவனைத்தான் கொண்டுபோக முடியும். அவர்கள் முதலிலேயே கேட்டார்கள். இவள் இப்போது கேட்கிறாள்.

"மண்ணுல நின்னு வண்டி தள்ளறதுக்கு நானென்ன கூலிக்காரனா?" என்றான். அப்புறம் அவளைத் தாண்டி அவர்களைப் பார்த்து, "ம்... நேரமாகுது, எடுங்கடா," என்றான். கதவைச் சாத்திக்கொண்டான்.

எழவு வீட்டில் யாராவது ஒரு பெரிய மனுஷன் சொல்லுவானே, நேரமாகிறது எடுங்கள் என்று. உள்ளே இருக்கிறவனே சொல்லி நான் கேட்டது இதுதான். இவ்வளவு திமிர் பிடித்தவனுக்கு எவன்தான் என்ன செய்ய முடியும்?

எடுத்தார்கள். அவள் பின்னால் நகர்ந்து கல் மேடையில் உட்கார்ந்துவிட்டாள். கால் அதற்கு மேல் வரவில்லையாம். கார் இருட்டில் மேலே எழும்பியதைப் பார்த்தாள். நாலு மூலையும் சமமாக எழும்பியது. தான் விட்டுவந்த மூலையை யார் பிடித்தார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று தோன்றியதாம்.

அவன் போன் வெளிச்சம் சின்னதாக ஆடிக்கொண்டே போனது... கால்வாய்த் திருப்பத்தில் மறைந்தது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பனி இறங்கிச் சேலை நனைந்துவிட்டது. எங்கோ விறகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஒரே ஒரு தடவை. அப்புறம் வெகுநேரம் கழித்து, சளப்... சளப்... என்று ஈரக்கால் நடந்து வருகிற சத்தம்.

அவன் வந்தான். தனியாக. வெறுங்காலோடு. சட்டையும் பேன்ட்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தோளில் ஒரு துண்டு. வரவேற்புக்குப் போகும்போது அவனிடம் துண்டு ஏது?

அவள் முன்னால் வந்து நின்றான். "வெகு நேரமாக் காத்திருக்கறயா? கால் வலிக்கும். வா, மெதுவாப் போலாம்," என்றான்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். ரோட்டில் இவளுக்கு முன்னால் பத்தடி நடந்துதான் அவனுக்குப் பழக்கம். இவளுக்குக் கால் இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. செல்வப்பிரியா என்னிடம் சொன்னாள்: அவர் தோளில் இருந்த துண்டைப் பார்த்து நான் பயப்படவில்லை அக்கா, அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் பயந்தேன் என்று.

கூட நடந்தான். மெதுவாக நடந்தான். கேட்டைத் தாண்டும்போது அதைச் சாத்தவில்லை.

விடிந்ததும், லாரி வேலை முடித்து வந்த ஜோமோனும் குப்பண்ணன் மகனும் காரைத் தேடிப் போனார்கள். சுடுகாட்டில், விறகு அடுக்குகிற மேடைமேல் இருந்தது. மேடைக்கு ஏறப் படிதான் உண்டு. கால்வாய்க் கரை மணல் ஈரமாக இருந்தது, டயர் தடம் ஒன்றுகூட இல்லை. கியர் 'பி'யில்தான் இருந்தது. ஜோமோன் ஓட்டுகிற சீட்டில் உட்காரப் போனான், உட்கார முடியவில்லை. சீட் பெல்ட் மாட்டியபடியே இருந்தது. ஆள் மட்டும் இல்லை. அவன்தான் அதைக் கழற்றினான். அதற்கப்புறம் அந்தக் காரை அவன் தொடவில்லை. பேச்செடுத்தால் ஏசுவே என்று கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொள்வான்.

நம் ஊர் புத்திசாலிகள் சும்மா இருப்பார்களா? யாரோ கிரேன் வைத்துத் தூக்கியிருக்கிறார்கள் என்றான் ஒருவன். கிளுவை வேலிக்கு நடுவில் கிரேன்! குடித்திருப்பான், தானே ஓட்டிப் போய் ஏற்றியிருப்பான் என்றான் இன்னொருவன். என் நாத்தனார் கமலாத்தாள் இன்னும் மேலே. கொழுந்தன் திருந்திவிட்டான், ஏதோ தியான வகுப்புக்குப் போகிறான் போலிருக்கிறது என்று பூரித்துப் போனாள். இவளுக்கெல்லாம் கண் எதற்கு?

திருந்தினானா என்று கேட்டால்... ஆமாம். அந்த வாரமே கேட்டைத் தன் கையாலேயே பெயர்த்துப் போட்டான். ஊரில் யார் செத்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறான். இடது பின்மூலைதான் பிடிப்பான். வேறு மூலை கொடுத்தால் வாங்க மாட்டான். ரோட்டில் யார் வண்டி நின்றாலும் இறங்கித் தள்ளிவிடுகிறான். அன்றைக்குக் காறித் துப்பக்கூடத் தைரியமில்லாமல் இருந்த அதே ஊர், இன்றைக்கு அவனை மாதிரி மனுஷன் உண்டா என்கிறது. அவனோடு பாடை தூக்கினவர்கள் மட்டும் ஒன்று சொல்கிறார்கள். அவன் நிற்கிற பக்கம் எப்போதும் பன்னீர் வாசம் அடிக்கிறதாம்.

போன மாதம் நான் அங்கே போயிருந்தேன். அவனே வாசலுக்கு வந்து வாங்க என்றான். அவனே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குனிந்து கொடுக்கும்போது அவன் முடியிலிருந்து ஒரு சொட்டு என் கைமேல் விழுந்தது. நல்ல வெயில் நேரம். கால்வாய்த் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. நான் அந்தச் சொம்பை வாயில் வைக்கவில்லை.

கொல்லைப் பக்கம் போனேன். செல்வப்பிரியா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொடி முழுக்கத் தலையணை உறைதான். வேறு துணியே இல்லை. நான் சுற்றி வளைக்கவில்லை, நேராகவே கேட்டுவிட்டேன். அன்றைக்குக் காரில் உட்கார்ந்து போனவன் எங்கே, ஈரத்தோடு வந்து உன்னோடு குடும்பம் நடத்துகிறவன் யார் என்று.

அவள் திடுக்கிடவில்லை. கையில் இருந்த உறையை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப் மாட்டினாள்.

"ஆரா இருந்தா என்னக்கா? கேட்டாப் பதில் சொல்றாரு. பக்கத்துல நடக்கறாரு. தலை மட்டுந்தான் காயவே மாட்டேங்குது. ராத்திரிக்கு ரெண்டு தடவ உறைய மாத்திப் போட்டுக்கறேன்."